அறுத்துப் பாத்த பந்துகள்

வெள்ளவத்தை,
14.06.1997

அன்புள்ள பத்மாவுக்கு,

நான் சுகம். உம்முடைய கால்வீக்கம் வத்திட்டுதோ, மகள் வாசுகி நேரத்துக்குச் சாப்பிடுறாளோ எண்டு எழுதும்.

நான் பழக்கிற கிளப்பில கழிச்ச டென்னிஸ் பந்துகளில நல்லதாப் பாத்து, வாசுகிக்கு இருபது சேர்த்து வைச்சிருந்தன். கப்பலில ஊருக்கு வாற அடுத்த வீட்டுச் சிவபாலனிட்டக் குடுக்கக் கொண்டு போகேக்குள்ள, காலி வீதியில செக்பொயின்ற்றில மறிச்சினம். நான் அங்க பழக்கிறன் எண்டு கிளப் தந்த கடிதத்தை அறையில விட்டிட்டுப் போனது என்ர பிழை. முப்பது வருசமா டென்னிஸ் பழக்கிறன் எண்டு சிங்களத்தில சொன்னன். பொலிஸ்காரன் சிரிச்சுக்கொண்டே ஒவ்வொரு பந்தையும் கத்தியால பாதியா அறுத்துப் பாத்தான். உள்ளுக்க வேற என்ன, காத்துத்தான். பிறகு ஸ்டேஷனில ஒரு பகல் இருத்திப்போட்டு விட்டிட்டினம். அடி ஒண்டும் இல்லை, யோசியாதையும்.

பந்தில்லை எண்டு வாசுகி பழகிறதை விடவேண்டாம். எங்கட பின்சுவரில ஷெல்லுக்கு இடியாமல் நிக்கிற பக்கத்தைப் பாத்து மட்டையை மட்டும் வீசட்டும். நாங்கள் சோடியா விளையாடின காலத்தில நீர் எனக்குச் சொன்ன மாதிரி, பக்கத்தில நிண்டு "முழங்காலை மடி" எண்டு சொல்லும்.

ஆரும் கொழும்புக்கு வந்தால் என்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் குடுத்துவிடும்.

தபாலுக்கு நேரமாச்சு. அறுத்த பந்துகளை எறிய மனம் வரேல்லை. நாலு பாதியை எடுத்துக் கட்டில் கால்களுக்குக் கீழ வைச்சிருக்கிறன். முந்தித் திரும்பிப் படுத்தால் கட்டில் தரையில இழுபட்டுச் சத்தம் போடும். இப்ப அறையில ஒரு சத்தமும் இல்லை.

உம்முடைய
ஸ்ரீஸ்கந்தராசா