நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

இராயபுரம்,
12-9-1956

சிரஞ்சீவி ராமதாசுக்கு உன் நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அங்காளம்மன் தயவில் நான், உன் அம்மா, குப்பம்மா அத்தை மூன்று பேரும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம். கல்கத்தாவில் உன் உடம்பும் வயிறும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுது. நான் சௌகரியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஜூலை மாதம் நெஞ்சுவலி வந்தபோது வாய்வுத் தொல்லை, பெருங்காயம் சாப்பிட்டுச் சரியாகிவிட்டது என்று உனக்குக் கடுதாசி போட்ட மகானுபாவன் நான்தானே. பக்கத்து வீட்டு ரஷீது பாய் உண்மையை உனக்கு எழுதிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை உன் கடுதாசியும், கூடவே படிப்பிலிருந்து விலகுவதற்காக நீ அனுப்பிய அச்சடித்த பாரமும் வந்தன. கப்பல் இன்ஜின் படிப்பை விட்டுவிட்டு வந்து ஹார்பரில் ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்கிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் நைனா என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷமும் சில மாதமும் முடிந்தாயிற்று, ஏப்ரல் வந்தால் படிப்பு முடிகிறது, இப்போது விடுவதாவது. ஆனால் சும்மா விடாதே என்று அதட்டினால் நீ கேட்கிற பிள்ளை இல்லை, அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள், அது என்ன வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே யோசி.

ஜூலையில் கிரேன் ஏணியில் பாதி ஏறும்போது நெஞ்சில் யாரோ மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது, இடது கை மரத்துவிட்டது. கல்மண்டபம் பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியில் கடுகு போன்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார், வலி வந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது. மருந்தை எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் அய்யாத்துரை திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வாய் சும்மா இருக்காது. அண்ணாச்சி ஹார்பர்லயா வேலை, அப்ப பாத்து வைங்க, இது டைனமைட்டுல போடுத சரக்காக்கும் என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது தமாஷ். எனக்கு அப்படியா? வெடிமருந்துக் கப்பல் வந்தால் சிவப்புக் கொடி ஏற்றி ஊரை விட்டுத் தள்ளி நங்கூரம் போடுவதையும், பீடி தீப்பெட்டியெல்லாம் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வதையும், செருப்பில் இரும்பு ஆணி இருந்தால்கூட உள்ளே விடாததையும் இருபத்தாறு வருஷமாகப் பார்த்தவன் நான். நாற்பத்து நாலில் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்த சேதி வந்த அன்று எங்கள் கேங்கில் யாரும் சோறு தின்னவில்லை. அந்தச் சரக்கை நான் அடுப்பெரிகிற வீட்டில் வைப்பேனா?

ஆகவே ஹார்பர் சட்டப்படி செய்தேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் பள்ளம் தோண்டி, வாளியில் ஈர மணலைக் கொட்டி, புட்டியின் தக்கையை எடுத்துவிட்டு (அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும் என்று என் புத்தி சொன்னது) ஈரத்துணியைச் சுற்றி மணலுக்குள் புதைத்து, வாளியைப் பள்ளத்தில் இறக்கி மூடிவிட்டேன். தினம் சாயங்காலம் தண்ணீர் தெளித்தேன். ரஷீது பாயிடம் அந்தப் பக்கம் குப்பை கொளுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்தேன், ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. குப்பம்மாவிடம் மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து நான் இருமினால்கூட அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றினோம். அண்டாவை இறக்க ஒரு கை பிடித்தேன், பிடித்திருக்கக் கூடாது, பிடித்தேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வலி வந்துவிட்டது. இந்தத் தடவை முன்னைப் போல இல்லை, வேர்வை ஊற்றுகிறது, கண் இருட்டுகிறது. குப்பம்மா பயந்துகொண்டே மண்ணைத் தோண்டிப் புட்டியை எடுத்தால் உள்ளே மாத்திரை நீர்த்த சுண்ணாம்பு மாதிரி கிடக்கிறது. அதை வழித்து நாக்கடியில் வைத்தேன். ஒரு பலனும் இல்லை. ராமு, உன்னிடம் மறைக்கப் போவதில்லை, அப்போது நான் பயந்துவிட்டேன். உன் முகத்தை ஒரு தரம் பார்க்காமல் போகிறோமே என்றுதான் நினைத்தேன், வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ரஷீது பாய் ஜட்கா பூட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், இன்றைக்கு இந்தக் கடுதாசி எழுதுகிறேன் என்றால் அது அவர் குதிரையின் புண்ணியம்.

எட்டு நாள் அங்கே இருந்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர்தான், ஆனால் பொறுமைசாலி. கையில் மருந்து இருந்தும் ஏன் கேட்கவில்லை, எங்கே வைத்திருந்தீர்கள் என்றார். சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றில் தையல் போட்டவர், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் அவர் பட்ட பாடு. உன் அம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும், இன்னாய்யா, நாக்குக்கடியில வெக்கச் சொன்னா நீ பூமிக்கடியில வெச்சிகினு இருந்தியா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சரக்கு அதுதான், ஆனால் ஒரு மாத்திரையில் தூசி அளவுகூட இல்லை, சர்க்கரைத் தூளோடு கலந்துவிட்டால் அடுப்பிலே போட்டாலும் வெடிக்காது, அதற்குச் சத்துரு ஈரமும் காற்றும் வெயிலும்தான், நீங்கள் மூன்றில் இரண்டை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறீர்கள் என்று விளக்கினார். அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அகலப்படுத்துகிறதாம். குழாய் அகன்றால் நெஞ்சு எதிர்த்துத் தள்ள வேண்டிய பாரம் குறைகிறது, வலி நிற்கிறது. உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றால் தலை சுற்றி விழுவோம். வாயில் வெற்றிலை இருந்தால் முதலில் துப்ப வேண்டும். வைத்த கொஞ்ச நேரத்தில் மண்டையிடி வரும், வந்தால் மருந்து உயிரோடு இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள் என்றார். இப்போது கெட்டியாகத் தக்கை போட்ட புட்டி சட்டைப் பையில் இருக்கிறது, ஒரு தரம் வைத்தேன், மூன்று நிமிஷத்தில் வலி போயிற்று, மண்டை இடித்தது, சந்தோஷப்பட்டேன்.

இரண்டாவது ஒரு மாத்திரை, சீமையில் பூக்கிற ஏதோ செடியின் இலையைப் பொடித்துச் செய்கிறார்களாம், டிஜிடாலிஸ் என்று பெயர். இது வலிக்கு இல்லை, நெஞ்சு அடிக்கிற விதத்துக்கு. என் நெஞ்சு அவசர அவசரமாக, அரைகுறையாக அடிக்கிறதாம். நம் ஹார்பரிலேயே பார்த்திருப்பாய், ஓட்டமாய் ஓடுகிற கூலி அரை மூட்டையோடு இளைத்துப் போவான், நிதானமாய் நடக்கிறவன் முழு மூட்டையும் கொண்டு சேர்ப்பான். இந்த இலை நெஞ்சை நிதானமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கிறது. ஆனால் பொல்லாத மருந்து, கொஞ்சம் கூடினால் வாந்தி வரும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அதனால் தினம் மாத்திரைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே போனால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. எண்ணுகிற உத்தியோகம் உன் அம்மாவுக்கு. காலை ஏழு மணிக்கு டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தால் அந்த ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கக் கூடாது, காக்கை கத்தினாலும் அதை முறைக்கிறாள்.

அப்புறம் வாரத்துக்கு இரண்டு ஊசி, பாதரசம் சேர்ந்த மருந்து, உடம்பில் தேங்கின நீரைச் சிறுநீராக இறக்கிவிடுகிறது. நெஞ்சு சரியாகத் தள்ளாததால்தான் கால் வீங்குகிறதாம், நீர் இறங்கினால் வீக்கமும் மூச்சிரைப்பும் குறைகிறது. அய்யாத்துரைதான் வீட்டுக்கு வந்து போடுகிறார், டைனமைட் தமாஷுக்குப் பிராயச்சித்தம் என்கிறார். ஊசி போட்ட அன்றைக்கு நான் எங்கேயும் போக முடியாது, கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்கவே சரியாக இருக்கும். உப்பு சாப்பிட்டால் அந்த நீர் திரும்பவும் உடம்பிலேயே தங்கிவிடும் என்று உப்பை நிறுத்திவிட்டார்கள். கடற்கரையில் பிறந்தவனுக்குக் கருவாடு கிடையாது, இதைவிடத் தண்டனை உண்டா. குப்பம்மா மனசு கேட்காமல் இரண்டு நாள் சென்னாக்குன்னிக் கருவாட்டுப் பொடியை ஒளித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் உன் அம்மா என் கணுக்காலில் விரலை அழுத்தினாள், குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. நாத்தனாரும் அண்ணியும் அன்றைக்குப் போட்ட சண்டையைப் பார்க்கத் தெருவே கூடியது. இப்போது மூன்று பேருக்கும் ஒரே உப்பில்லாத குழம்புதான், உனக்கு ஒரு சட்டி எங்களுக்கு ஒரு சட்டி என்று வைக்கமாட்டேன் என்று உன் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நாலாவது ரத்த அழுத்தத்துக்கு. சர்ப்பகந்தி வேர், நம் நாட்டுச் சரக்கே. வேகத்தை அடக்குகிறது, மூக்கை அடைக்கிறது, பகலெல்லாம் தூக்கம் வருகிறது, ஃபோர்மனைத் திட்டக்கூட மனசு வருவதில்லை என்றால் பார்த்துக்கொள். இத்தனையும் சாப்பிட்டால் வியாதி போய்விடுமா என்று டாக்டரிடம் நேரே கேட்டேன். போகாது, ஆனால் அதைக் கூட வைத்துக்கொண்டு பல வருஷம் இருக்கலாம், ஒழுங்காக இருந்தால் என்றார். கிரேன் மட்டும் இனி கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து கீழே நின்று சிக்னல் காட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கொஞ்சம் குறைச்சல், சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. மேலே இருந்து எல்லார் தலையையும் பார்த்தவன் இனிமேல் முகத்தைப் பார்ப்பேன், அதுவும் நல்லதுதான்.

இப்போது உன் பாரம். வெள்ளிக்கிழமை காலையில் நான் பேனாவை எடுத்துவிட்டேன் ராமு. பிள்ளை பக்கத்தில் இருந்தால் தேவலை என்று மனசு சொல்லிற்று, பயந்தவன் மனசு அப்படித்தான் சொல்லும். முதல் நாளே அது என்ன காகிதம் என்று உன் அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்லியிருந்தேன். மை தீர்ந்திருந்தது, நிரப்பிக்கொண்டு வருவதற்குள் பாரத்தைக் காணோம். தேடினால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவரைக்கும் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்த என் நாடிக் கணக்கையெல்லாம் அதில் பார்த்து எழுதுகிறாள். என்னடி இது என்றேன். கெட்டிக் காய்தமா கீது, செவுத்துல அழிஞ்சிப் பூடுது என்றாள். தலை நிமிரவில்லை.

இன்றோடு இருபத்து மூன்று நாள் கணக்கு அதில் இருக்கிறது. எழுபத்திரண்டு, எழுபது, அறுபத்தெட்டு என்று ஒழுங்காக ஓடுகிறது. முதல் இரண்டு நாளில் மட்டும் நூற்றுப் பத்து, நூற்றெட்டு என்று இருக்கும். இரண்டாம் நாள் அவள் அழுதுகொண்டே அய்யாத்துரையிடம் ஓடினாள், அவர் வந்து பார்த்துவிட்டு, தாயி, நீங்க கட்டைவிரலை வச்சுல்லா எண்ணுதிய, கட்டைவிரல்ல எண்ணினா எண்ணுதவங்க நாடிதான் தெரியும், இது உங்க நெஞ்சு அடிச்ச கணக்கு என்றார். பாரத்தில் எழுதும்போது அந்த இரண்டையும் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எழுது என்று நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியாத கணக்கு அது. நீ ஓடி வந்தால் அவள் நாடி மறுபடியும் நூற்றுப் பத்துக்குப் போகும், படிப்பை விட்டுவிட்டானே பிள்ளை என்று. ஏப்ரல் முப்பது வரைக்கும் நெருக்கமாகப் பத்தி பிரித்து நாளுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், கடைசிக் கோட்டுக்குக் கீழே இடமில்லை. அது நிரம்புகிற அன்றைக்கு நீ இன்ஜினீயராக வந்து வாசலில் நில். கையெழுத்துப் போட இனி அந்தக் காகிதம் எனக்குக் கிடைக்காது, வேறு பாரம் அனுப்பிச் சிரமப்படாதே.

அம்மாவும் அத்தையும் உன்னை ஆசீர்வதிக்கிறார்கள். நீண்ட ஆயுளும் நல்ல கைத்தொழிலும் அம்மன் உனக்குத் தரட்டும். குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொதிகலன் பக்கம் வேலை என்றால் வேட்டி கட்டிக்கொண்டு போகாதே, பரீட்சைத் தேதி தெரிந்ததும் ஒரு கார்டு போடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள நைனா
ப. கருணாகரன்