ஒரே பெயரில் இரண்டு பேர்

அலுவலகத்தின் பழைய கணினிகளைக் கழித்து அனுப்பப் போகிறார்கள். அதற்கு முன் அவற்றில் இருப்பதையெல்லாம் அழிக்கும் வேலை இன்று எனக்கு வந்தது. மூலையில் இருந்தது உன்னுடையது. அதில் 'கடைசி', 'கடைசி இரண்டு', 'சத்தியமா கடைசி' என்று மூன்று ஸ்கிரிப்டுகள், கணினிக்கு வேலை சொல்லும் கட்டளை வரிகள். மூன்றாவதைத் திறந்தேன். கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பாக, முதல் வரியில், 'பத்மநாபா, இந்தத் தடவையாவது ஓடணும்' என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாம் அதைப் படிக்க ஆரம்பித்தபோது இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. நான் ஸ்ரீவராகத்திலிருந்தும் நீ கரமனையிலிருந்தும் வந்து, ஒரு பரிசோதனைக்கூடத்தின் ஆவணப் பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நோயாளிகளின் பழைய எக்ஸ்ரே படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயரிடுவது நம் வேலை. இனி இதைக் கையால் செய்துகொண்டிருக்க முடியாது, ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, உன் போனில் வீடியோ பார்த்துப் படித்தோம்.

எத்தனை தப்புகள்! ஒரு வரி கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கவில்லை என்பதற்காக ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வாட்ஸப்பில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டினோம். அதிலிருந்த மேற்கோள் குறிகள் வளைந்திருந்ததால் கணினி ஏற்க மாட்டேன் என்றது. கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று தெரியாமல் பட்டியலின் முதல் நோயாளியை எப்போதும் விட்டுவிட்டோம். திரையில் பிழை என்று சிவப்பு எழுத்து வந்ததும் நான் விசைப்பலகையை உன் பக்கம் தள்ளிவிடுவேன். நீ என் தோளைத் தட்டுவாய்.

"ஏட்டி, செவப்பா காட்டுனா பயப்படாத. ஒண்ணுமே காட்டாம போச்சுன்னாதான் பயப்படணும், கேட்டியா?"

ஒரு வெள்ளிக்கிழமை என் ஸ்கிரிப்ட் ஒன்றுமே காட்டாமல் ஓடி முடிந்தது. என் கணினி மெதுவானது என்பதால் உன் கணினியில் உட்கார்ந்து ஓட்டினேன். அது நோயாளியின் பெயரையும் வருஷத்தையும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்து, படத்தை வேறொரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, பழையதை அழித்துவிடும். பத்துப் படங்களை வைத்துச் சோதித்தும் பார்த்திருந்தேன்.

ஓட்டுவதற்கு முன் நீ கேட்டாய். "ரெண்டு பேருக்கு ஒரே பேரு இருந்தா என்னட்டி செய்யும்?"

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்டி. அதெல்லாம் அது பாத்துக்கும்."

அது பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே பெயர், ஒரே வருஷம் என்றால் பின்னால் வந்த படம் முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சத்தமில்லை, சிவப்பு எழுத்தில்லை. எண்ணிக்கை குறைகிறது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ஸ்கேன் செய்த மூல ஃபிலிம்களைக் கழிவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் நம் மேசை முன்னால் வந்து நின்று, இந்த சிஸ்டத்திலிருந்துதானே போயிருக்கிறது, யார் ஓட்டியது என்று மலையாளத்தில் கேட்டார். "ஆராணு இது ரன் செய்தது? இந்த சிஸ்டத்தில் நின்னாணல்லோ போயிருக்குன்னது."

"நான்தான் சார்" என்றாய்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. நீ நிரந்தரம். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாய்: "என்னை ஏசுவாவ, அம்புட்டுதான். ஒன்னை வெளிய அனுப்பிருவாவ. வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. நீ சொன்னதனால் அல்ல. நீ சொல்லாவிட்டாலும் திறந்திருக்க மாட்டேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏசியதோடு விடவில்லை. உன்னை முன்கவுண்டருக்கு மாற்றினார்கள். படத்தைத் தேடி வந்தவர்களுக்கு 'இல்லை' என்று சொல்லும் வேலை உனக்கே வந்தது. பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவனின் பழைய நெஞ்சு எக்ஸ்ரேயோடு புதியதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். பஸ் மாறி மாறி இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை நீ கவுண்டரை விட்டு வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிறகு என் திரைக்குத் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பின் நீ ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட எழுதவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. போன ஆடியில், கர்க்கடக மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிக்கவே ஐந்து நாள் ஆயிற்று. நீ எழுந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். பதிவில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். நடந்தது நடந்துவிட்டது, ஆளே போன பிறகு இனி அதைக் கிளறி என்ன என்றார். "கழிஞ்ஞது கழிஞ்ஞு சேச்சி. ஆள் போயில்லே? இனி அதெடுத்திட்டு எந்தா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கவுண்டரில் இருந்த விண்ணப்பத்தில் போன் எண்ணைத் தேடிப் பிடித்து, அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். எஸ்டேட்டை விட்டு இறங்கி, இப்போது மலையடிவாரத்து ஊரான கல்லாற்றில் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருக்கிறாள். கணவன் இறந்துவிட்டான். படம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆபீஸ் பெயரைச் சொன்னதும் அவளே கேட்டாள்.

"கவுண்டர்ல இருந்த மூக்குத்தி போட்ட அக்கா நல்லா இருக்காங்களா? தன்னோட தப்புதான்னு சொல்லி அன்னைக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க."

"அவ தப்பு இல்லைம்மா. நான் பண்ணினது. எனக்காக அவ ஏத்துண்டா. அவ இப்போ இல்லை."

அவள் மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. சுற்றுலா வந்தவர்கள் நாலு டீ கேட்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, "அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மகள் இருக்கிறாள் என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

தெரியாது. கரமனைக்கு ஏழு நிமிஷ பஸ். உன் மகள் இன்றுவரை, அம்மா ஏதோ பெரிய பிழை செய்து கவுண்டருக்குப் போனாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை உன் வீட்டுக் கதவு வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.