கறித்துண்டு வேண்டாம் என்றவன்

தம்மாம், சவூதி,
12.11.2006

அன்புள்ள செல்விக்கு,

மாதாவின் துணையால் இங்கே நான் நல்லபடியாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? பிரவீன் அடம்பிடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறானா?

போன மாதம் வேலையில் லேசாகத் தலை சுற்றியது. கொஞ்சம் உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. டாக்டர் சர்க்கரை என்றார். பயப்படாதே, ஊசி இல்லை, மாத்திரைதான். ஆனால் சோற்றை நிறுத்திவிட்டு, கறியும் முட்டையும் நிறையச் சாப்பிடச் சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ ஆட்டுக்கறி பரிமாறும்போதெல்லாம், "துண்டு வேணாம், குழம்ப மட்டும் ஊத்து" என்றே ஓட்டியவன் நான். இப்போது குழம்பை ஊற்றிக்கொள்ளச் சோறில்லை. தட்டில் கறித்துண்டு மட்டும் கிடந்து என்னையே பார்க்கிறது. முதல் நாள் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அறையில் கூட இருக்கும் கூட்டேரிப்பட்டு நெடுஞ்செழியன், "இன்னாண்ணே, கண்ண மூடிக்கினு மாத்திர மாதிரி முழுங்குற?" என்று சிரித்தான். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிடுகிறேன். தலைசுற்றலும் போய்விட்டது.

மெஸ் கறியில் ஒரு வாசனையும் இல்லை. லீவில் வரும் நெடுஞ்செழியனிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அவன் திரும்பும்போது நீ அரைத்த மிளகுத்தூளும் கொறிக்க, தோலுரித்து வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்பு. டப்பா மேல் என் பேரை நீயே உன் கையால் எழுது.

வண்டி வந்துவிட்டது, ஏர்போர்ட் போக அவசரப்படுகிறான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு நான் வரும்போது கறி அரைக்கிலோ கூடுதலாக வாங்கு. இத்தனை வருடமாக என் பங்குத் துண்டையும் நீதான் சாப்பிட்டாய். இந்தத் தடவை போட்டிக்கு ஆள் வருகிறது.

உன்
சின்னப்பராஜ்