கடைசி சைபர்

இன்று மதியமும் நீ என்னைத் திட்டினாய். டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் ஒரு விடையை அடித்தேன். சிவப்பாகத் தப்புக் குறி வந்தது, அதன் கீழே நீ எழுதி வைத்த வரி: "சோத்துல உப்பு போட்டுத்தானே சாப்பிடற?" செத்தும் உன் வாய் அடங்கவில்லை.

நீ கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தாய், நான் கம்ப்யூட்டர். ஒரே கல்லூரி, ஒரே மேசை, உன் நெத்திலிக் குழம்பில் பாதி எனக்கு. வீட்டுப்பாடம் ஆன்லைனுக்கு மாறியபோது விடை திருத்தும் ஸ்கிரிப்ட் எழுத என்னிடம்தான் கற்றாய். ஒரே கணக்கு, ஆளுக்கு ஆள் வேறு எண்கள். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க அந்த ஸ்கிரிப்டுக்குள் நீயே ஒரு ஃபங்ஷன், நாலு வரிக் கட்டளை, எழுதினாய். இல்லையென்றால் அந்தத் திட்டு.

"உப்பளத்துல வேலை செய்யறவங்க வூட்டுப் புள்ளைங்கடீ, அந்த வரி வாணாம்" என்றேன்.

"உறைக்கட்டும். கடைசி சைபர் போடாதவ அளக்கவே இல்ல, குத்துமதிப்பா சொல்றா" என்றாய்.

என் மகள் செலின் உன் வகுப்புக்கு வந்தாள். உப்புத் தண்ணீரின் அடர்த்தி கேட்டிருந்தாய். அவளுடைய எண்களுக்கு விடை 1.20. அப்படியே அடித்தாள். தப்பு என்றது திரை.

"மிஸ், நான் சைபர் போட்டேன்."

"மெஷின் பொய் சொல்லுதா, நீ சொல்றியா?" வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கேட்டாய். பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவேன் என்றாய். அவள் எழுதவில்லை. நீயும் விடவில்லை. வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் போனது. படிப்பு அதோடு சரி.

ஃபங்ஷனைக் காட்டு என்று உன்னிடம் கெஞ்சினேன். "நீ கை வெச்சா, பொண்ணுக்காக மாத்திட்டான்னு சொல்வாங்க. பாஸ்வேர்டு தரமாட்டேன்" என்றாய். நியாயமான பேச்சு. உன்னிடம் எனக்குப் பிடித்ததும் அந்த நியாயம்தான், அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன்னால் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. கண்ணைத் திறந்து, "உம் பொண்ணு எழுதிக் குடுத்தாளா?" என்றாய். செலின் அப்போது பாண்டிச்சேரி ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். உன் வாயைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நீ போன பிறகு ஆன்லைன் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் உன் வேலையை என் தலையில் கட்டி, பாஸ்வேர்டையும் கொடுத்தார்கள். முதல் வேலையாக செலினுடைய கணக்கில் 1.20 என்று அடித்தேன். தப்பு. உள்ளே போய்ப் பார்த்தேன். அடித்த விடையை முதலில் எண்ணாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு இலக்கத்தை எண்ணியிருக்கிறாய். எண்ணாக மாறியதும் கம்ப்யூட்டர் கடைசி சைபரைத் தானே உதிர்த்துவிடும். 1.18 வந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. விடை சைபரில் முடிந்தவர்கள் மட்டும் மாட்டினார்கள். மாட்டிய மற்றவர்கள் ஒரு மார்க்தானே என்று திட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் பெண் ஒருத்திதான் கேட்டாள்.

சைபரை விழுங்கியது நீ எழுதிய ஃபங்ஷன். உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. எரித்துவிட்டார்களே, யாரை உலுக்குவது?

செலினுக்கு ஃபோன் செய்தேன். "நீ சொன்னது நெஜம்தான்டீ, செலின். தப்பு அந்த ஃபங்ஷன்லதான்."

கடை இரைச்சலில் பில் அடித்துக்கொண்டே பேசினாள். "எனக்கு அன்னிக்கே தெரியுமேம்மா. நீயும்தானே எழுதிக் குடுத்துடுன்னு சொன்ன? கஸ்டமர் நிக்கறாங்க, வெக்கறேன்."

ஃபங்ஷனைத் திருத்திவிட்டேன். இப்போது அடித்ததை அடித்தபடியே பார்க்கிறது. உன் திட்டையும் எடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பாத்தியில் உப்பு வாரும் பெண்களின் பிள்ளைகள் இனி அதைப் படிக்க வேண்டியதில்லை.

திருத்தாத பழைய பிரதி ஒன்று என் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. உன் பேச்சில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். அழிக்க மனம் வரவில்லை. தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் 1.20 என்று அடிக்கிறேன். ஒரு தடவை சரின்னு சொல்லேன்டீ. இன்றைக்கும் என் பெண்ணைப் பொய்க்காரி என்றுதான் சொன்னாய்.