ரோஸ் நோட்டீசும் காணிக்கைச் சீட்டும்

ஐப்பசி 3, புதன்

விடியும்போதே மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. கரும்பலகை துடைக்கும் துணியும் இல்லை.

பாறசாலை சந்தியில் மாட்டுவண்டி, செண்டை மேளம், ரோஸ் நோட்டீஸ். மாசிலாமணியின் ஜவுளிக்கடை விளம்பரம்.

“அன்னை காத்திருக்கிறாள். மொழிக்காகச் சிறை சென்ற மகன் ஒருநாள் படியேறி வருவான். கண்ணீரைத் துடைத்துக்கொள் தாயே. அந்நாளில் நீ உடுத்த எங்கள் கடையில் ஒரு புடவை காத்திருக்கிறது.”

அம்மைக்கு எழுத்து தெரியாது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி அழுதாள். “எனக்க காரியமாக்கும் எழுதியிருக்கு. மொதலாளி நல்ல மனசுள்ள ஆளு.” நோட்டீசை மடித்து வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தம்பி சொன்னது: “போலீசு தொரத்தினப்போ மாசிலாமணிக்க கடையில துணிக்கட்டுக்குப் பொறத்த ஒளிஞ்சேன். அவந்தான் கைகாட்டினான். அம்மைட்ட சொல்லாண்டாம் அக்கா, தாங்க மாட்டா.”

ஐப்பசி 5, வெள்ளி

வெயில். மரச்சீனிக் கிழங்கு வெட்டி உலர்த்தல். தலைவலி.

நானும் ஒரு நோட்டீஸ் எழுதினேன். அவன் வரிகளிலேயே.

“அன்னை காத்திருக்கிறாள். மொழிக்காக ஓடிவந்த மகனை எங்கள் கடையிலேயே பிடித்துக் கொடுத்தோம். கண்ணீரைத் துடைத்துக்கொள் தாயே. துடைக்கத் துணி உண்டு. மகன்கள் ஒளிந்துகொள்ளத் துணிக்கட்டும் உண்டு. போலீசாருக்குத் தனி வாசல்.”

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடையதுதான் அழகு, சனியன். ‘ஒருநாள்’ வந்ததும் நானே வாசல்படியைப் பார்த்தேன். அதனால்தான் வயிறு எரிகிறது. ‘சிறை சென்ற’வனாம். பஸ் ஏறிப் போனதுபோல. என்னுடையதில் அழகு இல்லை, பொய்யும் இல்லை.

அச்சுக்கூடத்தில் அடித்துத் தரமாட்டார்கள். எங்கள் சபை உபதேசியார் இருக்கிறாரே. ஞாயிறுதோறும் சனங்கள் எழுதிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளை ஆராதனையில் வாசிப்பார். எதுவானாலும் ஒரே ராகம். முன்கூட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

ஐப்பசி 7, ஞாயிறு

மாடு சுகமாக ஈன்றதற்காக ஒரு காணிக்கை. கடலில் வலை நிறைந்ததற்காக ஒன்று. அடுத்து என் சீட்டு. நீட்டி முழக்கிக் கடைசிவரை வாசித்தார். “இக்காணிக்கையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக” என்றும் சேர்த்துக்கொண்டார். பழக்கதோஷம், சபை முழுக்க ஆமென். பிறகுதான் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. முன்வரிசையில் மாசிலாமணி. அவன் மனைவியே தள்ளி உட்கார்ந்தாள். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி.

பிறகு பெண்கள் பக்கம் பார்த்தேன். அம்மை. அவள் அங்கே இருப்பாள் என்பதே எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மை: “எழுதினது நீயா?”

“ஆமா.”

“சத்தியமா மக்கா?”

“தம்பிதான் சொன்னான்.”

அம்மை நேரே போய்ப் படுத்தாள். கஞ்சி குடிக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

ஐப்பசி 8, திங்கள்

மழை. அம்மை குளித்து, கோயிலுக்கு உடுக்கும் வெள்ளையை உடுத்து, எங்கேயோ போனாள். பாடம் நடத்த ஓடவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ரோசம்மாள்: “ஒனக்க அம்மை மாசிலாமணி கடையிலல்லா இருக்கா. உள்ள சீலையெல்லாம் விரிக்க வச்சா. ஒண்ணும் எடுக்கல்ல. ஆளுவ கூடி நின்னு பாக்குது.”

கால் கழுவிக்கொண்டே அம்மை சொன்னாள்: “மோன் வரும்போ உடுக்க சீலை வேணும்னு கேட்டேன். நோட்டீசையும் காட்டினேன். அவன் எனக்க மூஞ்சியப் பாக்கல்ல.”

“ஒண்ணும் பிடிக்கலையா?”

“மோன் வரட்டு. அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கியேன்.”

இன்று இரண்டு தடவை கஞ்சி வாங்கிக் குடித்தாள்.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை விடவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன். கடை இன்னும் திறக்கவில்லை. வாசல்படியில் அம்மை, மடியில் ரோஸ் நோட்டீஸ். எதிரே குடைக்கடியில் மாசிலாமணி, கையில் சாவி. படியேறவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல். சந்தி முழுக்க ஆள்.

அவனை மொதலாளி என்றே கூப்பிட்டுப் பழகிய அம்மையின் வாய்.

“எலே, கடையத் தொற. நேத்து காட்டின சீலைய மொதல்ல இருந்து காட்டு.”