படகில் இடித்தது

ரிச்சர்ட்சன், மார்ச் 1998

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய்.

புளோரிடா ஆற்றில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது படகை வேகமாக விட்டாய். அடியில் ஏதோ இடித்தது. "கட்டைம்மா, ஒண்ணுமில்ல" என்றாய். தண்ணீர் ஏன் சிவந்தது என்றேன். "நீ போட்ட குங்குமம்தான்" என்றாய்.

அப்பா போனதிலிருந்து நான் குங்குமத்தைத் தொடவே இல்லை சாமி.

நேற்று டிவியில் அந்தப் புளோரிடா ஆறுகளில் வாழும் கடல்பசுவைக் காட்டினார்கள். மூச்சு வாங்க மேலே வருமாம். முதுகெல்லாம் படகு மோட்டார் விசிறி கிழித்த தழும்பு. உன் அக்கா சட்டென்று சேனலை மாற்றினாள். அவளுக்கும் தெரியும் போல.

அடிபட்டதைப் போனில் சொன்னால் விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்கள் வந்து வைத்தியம் பார்ப்பார்களாம். பேத்தி கயலைப் போன் பண்ணச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்.

உன் அம்மா