யாருக்கும் காட்டாதே என்ற புத்தகம்

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு, அப்பா கருப்பண்ணன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நான், அம்மா, இரண்டு மாடு, சாமைக் கொல்லை எல்லாம் சுகம். டேராடூனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் எழுத்து ஒன்று மலை ஏறும், ஒன்று மலை இறங்கும், மன்னித்துக்கொள். முதியோர் வகுப்பில் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. ‘ஞ’ இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை, உன் பெயரில் இருக்கிறதே என்று விடாமல் போடுகிறேன். போன வாரம் வெள்ளிமலையில் பஸ் போர்டை நானே படித்து ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆனது. எழுத்துக்குத்தான் மன்னிப்பு கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய். ஆபீஸ் பெரியவர்கள் பார்த்து முடிக்கும்வரை வெளியே போகக்கூடாத புத்தகம், என் வேலைக்கே ஆபத்து என்றாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை, இப்போது கை வருகிறது. பொங்கலுக்கு வந்தபோது, உங்கள் காட்டு ஆராய்ச்சி ஆபீஸில் நீ தமிழில் எழுதிய உண்ணிச்செடிப் புத்தகத்தை, எழுத்து பெரிசாக இருக்கிறது படித்துப் பழகுங்கள், ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள் என்று நீதான் கொடுத்தாய். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று விரல் வைத்து, ஆனி மாதம் முடித்தேன். காட்டைத் தின்கிற அந்த முள்ளை எப்படி ஒழிப்பது, பிறகு புல்லை எப்படி வரவழைப்பது என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். படித்த அந்த வாரமே நம் ஓடைக்கு மேலே இருக்கிற சரிவில் உண்ணியை எடுக்க காண்ட்ராக்ட்காரர் மிஷினை ஏற்றிவிட்டார். அது செடியோடு மண்ணையும் சேர்த்துச் சுரண்டுகிறது. சரிவில் மிஷின் வேண்டாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பேன்? புத்தகத்தோடு போய் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேஸ்திரி சிரித்தான். “இன்னா பெரியவரே, புக்கெல்லாம் எடுத்துக்கினு வந்துட்டீங்க, பரீட்சையா?” என்றான். ஆமாம், உனக்குத்தான் பரீட்சை என்று சொல்லிவிட்டுச் சத்தமாகப் படித்தேன். மண்ணுக்கு மூன்று விரல் கீழே வேரை வெட்டு, காய் கறுக்கும் முன்னே வெட்டு, செடியைப் புரட்டி வேர் வானம் பார்க்க வை. முள் பொறுக்கக் கூலிக்கு வந்த காசியம்மாள் கூடையைக் கீழே போட்டாள். “அண்ணே, அந்த வரிய இன்னொருக்கா படிங்க. மூணு வெரலுதானா? வருஷா வருஷம் மேலயே வெட்டி, அது தழைஞ்சிக்கினே கீது, என் இடுப்புதான் ஒடியுது. இத எவனும் சொல்லலியே” என்றாள். அவளும் மற்றப் பெண்களும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாரஸ்ட் வாட்சர் சின்னதுரை ஓடி வந்து, “மாமா, அது ஆபீஸ் புக்கு, ஒனக்கு எதுக்கு, குட்த்துடு” என்றான். முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது படி என்றேன். என் பெயரை நான் எழுதி வைத்திருந்தேன். கொடுக்கவில்லை.

சாயங்காலம் மிஷின் இறங்கிப் போய்விட்டது. காலையில் சுரண்டியது ஒரு கொல்லை அகலம் இருக்கும். மீதியைக் காசியம்மாள் ஆட்கள் மூன்று விரல் கணக்கில் கொத்தி எடுத்தார்கள். அடுத்த வாரம் மழை வந்தது. மிஷின் சுரண்டிய இடத்துச் செம்மண் அப்படியே இறங்கி நாம் குடிக்கிற ஊற்றை மூடிவிட்டது, இரண்டு நாள் தூர் எடுத்தோம். பெண்கள் வெட்டிய பக்கம் ஒரு கூழாங்கல் கூட உருளவில்லை. ரேஞ்சர் வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, யார் எழுதிய புத்தகம் என்று கேட்டார். என் மகள் எழுதியது என்று சொன்னேன். அதுதான் உன் ஆபீஸ்வரை வந்து உன்னை அழ வைத்தது. மறுபடியும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உன்னைக் கேட்டால், அப்பா காட்டிவிட்டார் என்று சொல். வெட்டுகிறவர்களுக்காக எழுதியது வெட்டுகிறவள் காதில் விழுந்ததில் என்ன தப்பு என்றும் கேள். வேலை போனால் கிளம்பி வா, சாமைச் சோறு இருக்கிறது. ஆனால் புத்தகத்தைத் திருப்பி அனுப்பு என்று மட்டும் சொல்லாதே. காசியம்மாள் வாரம் இரண்டு நாள் வந்து படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

இன்னொன்று. பதினான்காம் பக்கத்தில், மலைவாசிகள் அறியாமையால் உண்ணியைப் பரப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு கொல்லையைச் சுற்றி நடந்தேன். பன்றி வராமல் இருக்க நாற்பது வருஷமாக நான் போட்ட முள்வேலி எல்லாம் சரிவில் வெட்டிய உண்ணிதான், காயும் பழமுமாகத் தோளில் சுமந்து வந்தது. வேலி போட்ட இடமெல்லாம் இன்று உண்ணி முளைத்து நிற்கிறது. நீ எழுதியது உண்மைதான், நட்டவன் நான்தான். ஆனால் இந்த விஷயம் இத்தனை வருஷம் எத்தனை ஆபீஸில் எத்தனை அலமாரியில் இருந்தது? அங்கிருந்து நம் கொல்லைக்கு ஒருவராவது நடந்து வந்தாரா? அறியாமை என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு அறிவிக்கத் தெரியவில்லையா? அந்த வரி அப்படியே அச்சானால் நான் அந்தப் பக்கத்தைக் காசியம்மாளுக்குப் படிக்க மாட்டேன்.

அதனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து, அந்த வரியை அடித்து, மேலே நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். “வேலிக்கு முள் சுமந்தோம். காயோடு சுமக்கக்கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது தெரியும், இனிமேல் சுமக்க மாட்டோம்.” இதை எழுத மட்டும் ஒரு நாள் ஆனது. உன் பெரியவர்களிடம் இதையே காட்டு, கோணல் எழுத்தோடு காட்டு. இந்த வரியோடு அச்சடித்தால் நம் ஊருக்கு முப்பது புத்தகம் வேண்டும்.

அம்மா அனுப்பிய கடுக்காய்ப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடு, அலமாரியில் வைத்துவிடாதே. நம் மலைச்சாமி கரியராமர் துணையால் உனக்கு ஒரு குறையும் வராது. இருபதாம் பக்கத்திலும் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை, அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. கருப்பண்ணன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)